மியூசியத்தில் எக்ஸிபிஷன் டிசைனர்: அந்த வேலை உண்மையில் என்ன?

கேள்வி இது: “பி.ஆர்க். கடைசி வருடம் படிக்கிறேன். அருங்காட்சியகத்திலோ பல்கலைக்கழக கேலரியிலோ எக்ஸிபிஷன் டிசைனராக வேலை பார்க்க ஆசை. வீட்டில் ‘இன்டீரியர் டெக்கரேஷன்தானே’ என்கிறார்கள். அந்த வேலையில் உண்மையில் என்ன செய்வார்கள், அதற்கு என்ன படிக்கணும், நம்மூரில் வாய்ப்பு இருக்கிறதா?”

வீட்டில் சொல்வதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இன்டீரியர் வேலையோடு இதற்கு நிறைய ஒற்றுமை உண்டு. அதே தச்சர், அதே ப்ளைவுட், அதே லைட் கடை. ஆனால் ஒரு வீட்டில் நாற்காலி சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றாவிட்டாலும் அங்கே குடியிருப்பவர் பழகிக்கொள்வார். மியூசியத்தில் வைக்கப்போகும் பொருளுக்கு மாற்று கிடையாது. பார்க்க வருபவரோ பெரும்பாலும் ஒரே தடவை வருவார், ஒரு மணி நேரம் சுற்றிப் பார்ப்பார், போய்விடுவார். பழகிக்கொள்ள அவருக்கு நேரமே இல்லை. பொருளும் கெடாமல் இருக்கணும், வந்தவருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் விஷயம் எட்டணும். இந்த வேலையின் கஷ்டமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

புதிதாக ஒரு காட்சிக்கூடம் அமைக்கக் கூட்டம் போடுகிறார்கள் என்று வையுங்கள். காப்பாட்சியர், அதாவது க்யூரேட்டர், இருப்பார். அவர் ஆய்வுக்காகப் பேசுவார். எதை விட்டாலும் குறை என்று நினைப்பார், அது நியாயமும்கூட. பாதுகாப்பு வேதியியலாளர், அதாவது கன்சர்வேட்டர், பொருளுக்காகப் பேசுவார். பொறியாளர் கட்டடத்துக்காகவும், கணக்குப் பிரிவினர் பணத்துக்காகவும் பேசுவார்கள். ஆனால் திறந்த பிறகு அங்கே வரப்போகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், மூட்டு வலியோடு வரும் பாட்டி, சக்கர நாற்காலியில் வருபவர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர் என்று யாருமே அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்களுக்காகப் பேச வேண்டியவர் டிசைனர். என்னைக் கேட்டால் வேலையே இதுதான். டிராயிங், த்ரீ-டி படம், மெட்டீரியல் சாம்பிள் எல்லாம் அந்தப் பேச்சை நடத்துவதற்கான கருவிகள்.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்: சோழர் காலத்து உற்சவர் படிமம் ஒன்று. இந்த வகைக்குப் பேர்போன இடம் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது, திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார்.

இப்படி ஒரு படிமத்தைக் கோயிலில் எப்படிப் பார்த்திருப்பார்கள்? பட்டும் மாலையும் சாத்தி, தோளில் தூக்கி வரும்போது, கீழே நின்று அண்ணாந்து பார்த்திருப்பார்கள். முகமும் கையும்தான் தெரிந்திருக்கும். மியூசியத்தில் அதே படிமம் அலங்காரம் எதுவும் இல்லாமல், நம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. எந்த உயரத்தில் வைப்பது என்பதே முதல் கேள்வி. மேற்கத்திய கேலரிகளில் ஓவியத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவது வழக்கம். நம்மூரில் பெண்களின் சராசரி உயரமே 152 செ.மீ. அளவில்தான் இருக்கிறது, கண் அதற்கும் பத்து செ.மீ. கீழே. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் 115 செ.மீ. ஒட்டி வரும். எட்டு வயதுக் குழந்தைக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆகவே வெளிநாட்டுக் கையேட்டில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கூட்டம் முழுக்க சாமியின் பாதத்தையும் கண்ணாடியில் அடிக்கும் லைட்டையும் மட்டும் பார்த்துவிட்டுப் போகும்.

அப்புறம் பீடம். உற்சவர் படிமங்களின் பீடத்தில், தூக்கிச் செல்ல வசதியாகத் துளைகளோ வளையங்களோ இருக்கும். அவை கண்ணில் பட்டால்தான் இது ஊர்வலம் போன மூர்த்தி என்ற கதை பார்வையாளருக்குத் தானாகப் புரியும். ஷோகேஸ் அடித்தளத்தின் விளிம்பை அழகுக்காக 4 செ.மீ. உயர்த்திவிட்டால் அந்தத் துளைகள் மறைந்துபோகும், கதையும் போய்விடும். பின்பக்கமும் அப்படித்தான். சோழர் படிமங்களின் முதுகுப் பக்கத்தை, தலைமுடியின் சுருள், தலைக்குப் பின்னால் இருக்கும் சக்கரம், ஆடையின் முடிச்சு வரை முழுதாக வேலை செய்திருப்பார்கள். கேஸைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அதில் பாதியை யாருமே பார்க்க முடியாது. சுற்றி வர இடம் விடணும். இரண்டு பேர் எதிரெதிரே நடக்கணும், ஒரு சக்கர நாற்காலி திரும்பணும் என்றால் 150 செ.மீ. வேண்டும். கூடத்தின் அகலத்தில் அதைக் கழித்த பிறகுதான் எத்தனை படிமம் வைக்க முடியும் என்றே தெரியவரும். காப்பாட்சியர் நாற்பது கேட்பார், இடம் இருபதுக்குத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ‘இருபது போதும்’ என்று காரணத்தோடு சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

சுற்றி வருவதைப் பற்றி இன்னொன்று. அறைக்குள் நுழைந்ததும் பார்வையாளர்கள் வலப்பக்கம் திரும்புவார்கள் என்று அமெரிக்காவில் 1930-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்படித் திரும்பிச் சுவரோரமாகப் போனால் அறையை இடமாகச் சுற்றுவீர்கள். ஆனால் நான் பார்த்தவரை, நடுவில் தனியாக ஒரு மூர்த்தி நின்றால் நம் மக்கள் வலமாகத்தான் வருகிறார்கள், அது மியூசியம் என்று தெரிந்தும். கால் தானாகப் போகிறது. ஆகவே வரிசையாகப் படிக்க வேண்டிய பேனல்களை எந்தத் திசையில் அடுக்குவது என்பதைப் புத்தகத்தை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. தரையில் டேப் ஒட்டி, அட்டைப் பெட்டியை நடுவில் வைத்து, நாலு பேரை நடக்கவிட்டுப் பாருங்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். உலோகமும் கல்லும் வெளிச்சத்தால் கெடாது. அங்கே பிரச்சினை நிழல்தான். நேர் மேலிருந்து ஒரே ஒரு ஸ்பாட் லைட் போட்டால் கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழுந்து, சாந்தமான முகம் கடுமையாகத் தெரியும். மேலிருந்து சற்று சாய்வாக ஒரு முக்கிய விளக்கு, முன்னால் கீழிருந்து மிக மெல்லியதாக ஒன்று, பின்னால் ஓரத்தைப் பிரித்துக் காட்ட ஒன்று. இதற்கு ஒரு படிமத்துக்கே ஒரு மணி நேரம் ஏணி மேல் நிற்க வேண்டியிருக்கும். நான் மிகவும் விரும்புகிற வேலை இது. விளக்கை ஓர் அங்குலம் நகர்த்தினால் முகம் மாறுவதை அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்ப்பது வேறு எந்த வேலையிலும் கிடைக்காது.

ஓலைச்சுவடி, துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் என்றால் கணக்கு வேறு. அவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது உலகம் முழுக்க மியூசியங்கள் ஏற்றுக்கொண்ட அளவு. வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்ப வராது. நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 50 லக்ஸிலேயே 1,20,000 லக்ஸ்-மணி ஆகிவிடும். ‘இருட்டாக இருக்கிறது, கொஞ்சம் கூட்டுங்கள்’ என்று யாராவது சொல்லி 200 லக்ஸ் ஆக்கினால், வருடம் முழுக்க ஆக வேண்டிய சேதம் மூன்று மாதத்திலேயே ஆகிவிடும். அப்படிக் கேட்பவர் மேலும் தப்பில்லை. வெளியே மே மாத வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அதிலிருந்து நேராக 50 லக்ஸ் அறைக்குள் வந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களைக் கொடுப்பதுதான் டிசைனர் வேலை. நுழைவில் ஒரு கூடம், அதில் பாதி வெளிச்சம், உட்கார ஒரு பெஞ்சு, படிக்க ஒரு முன்னுரைப் பேனல், அப்புறம் ஒரு திருப்பம், அதற்குப் பிறகு சுவடி அறை. இப்படிப் படிப்படியாக இறக்கினால் 50 லக்ஸ் தாராளமாகப் போதும், யாரும் இருட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

ஷோகேஸ் செய்யும் பொருட்கள் பற்றிக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூடிய கேஸுக்குள் இருக்கும் காற்று பொருளின் மேல் வேலை செய்துகொண்டே இருக்கும். ப்ளைவுட், எம்.டி.எஃப்., வெள்ளை நிற மரப்பசை இவையெல்லாம் அமில ஆவியை வெளியிடும். ஈயத்துக்கு அது விஷம். கம்பளித் துணியை உள்ளே விரித்தால் அதிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்க வைக்கும். கண்ணாடி ஒட்டும் சிலிகானில் புளித்த வினிகர் வாடை அடிப்பது ஒன்று உண்டு. அது அசிட்டிக் அமிலம், மியூசியக் கேஸுக்கு ஆகாது. ‘நியூட்ரல் க்யூர்’ என்று டியூபில் போட்டிருப்பதைத்தான் வாங்கணும். எந்தப் பொருள் ஆகும், எது ஆகாது என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஓடி 1973-இல் கொண்டுவந்தது, அவர் பெயராலேயே ஓடி சோதனை என்கிறார்கள். சந்தேகப்படும் துணியையோ பலகையையோ வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு ஒரு கண்ணாடிக் குப்பியில் சிறிது தண்ணீர் வைத்து மூடி, 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைப்பார்கள். தகடு கறுத்தாலோ வெளுத்தாலோ அந்தப் பொருள் உள்ளே போகாது. 28 நாள் என்பதைக் கவனியுங்கள். துணியின் நிறத்தைத் திறப்புக்கு ஒரு வாரம் முன்னால் மாற்றலாம் என்று எந்த அதிகாரியாவது நினைத்தால், ஏன் முடியாது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கணும்.

வெண்கலத்துக்கு ஈரம்தான் எதிரி. மண்ணுக்குள் கிடந்த படிமங்களில் குளோரைடு தங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் வெளிர் பச்சைத் தூளாக அரிப்பு கிளம்பும். வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். அப்படிப்பட்ட படிமத்தைச் சுற்றி ஈரப்பதம் 40 சதவீத அளவில் இருக்கணும்; சென்னையில் சாதாரணமாகவே 70-ஐத் தாண்டும். இந்தச் சண்டை நம் ஊரில் பழையது. எழும்பூர் மியூசியத்தில் 1930-இலேயே ஒரு வேதியியலாளரை நியமித்தார்கள். அவர் எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையில் படிமங்களைச் சுத்தம் செய்தவர். இதில் டிசைனரின் பங்கு சிறியது, ஆனால் தவறக் கூடாதது. கேஸின் அடியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்கத் தனியாக ஓர் இழுப்பறை இருக்கணும், அதற்குத் தனிப் பூட்டு இருக்கணும். ஜெல் மாற்ற வருபவர் படிமம் இருக்கும் பகுதியைத் திறக்கவே தேவை இருக்கக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போகும் கட்டடத்தில், ராத்திரி முழுக்க அந்த இழுப்பறைதான் படிமத்தைக் காப்பாற்றுகிறது.

கண்ணாடியும் அப்படித்தான். 1 மீட்டருக்கு 2 மீட்டர் கதவு, 12 மி.மீ. கண்ணாடி என்றால் அதன் எடை மட்டும் 60 கிலோ. கீல், பூட்டு, தரை எல்லாம் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கணும். டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் ஆயிரம் துண்டாகப் பொருளின் மேலேயே கொட்டும். லேமினேட் செய்ததாக இருந்தால் விரிசல் விட்டாலும் அப்படியே நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் த்ரீ-டி படம் மட்டும் அழகாகப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பெரிய படிமங்களுக்கு நேர் எதிரான பிரச்சினை கீழடியில். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டியது, அழகான கட்டடம். அங்கே இருக்கும் பொருட்களில் பல உள்ளங்கையில் அடங்குபவை: பாசிமணி, பகடைக்காய், ‘ஆதன்’ போன்ற பெயர் கீறிய பானை ஓடு. பெரிய கூடத்தில் சிறிய பொருள். ஓட்டில் கீறிய தமிழி எழுத்தை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, ஓட்டின் பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி மிகத் தாழ்வாக விழணும். அப்போது ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். உங்கள் மொபைல் டார்ச்சையும் வீட்டில் இருக்கும் ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டிய இடத்தையும் வைத்து இன்றைக்கே இதைப் பார்த்துவிடலாம். இதைச் செய்து பார்த்தவருக்கு லைட்டிங் பாடத்தின் முக்கால் பங்கு புரிந்துவிடும்.

அடுத்தது எழுத்து. தமிழ் லேபிள் என்பது ஆங்கில லேபிளை முடித்த பிறகு கீழே சேர்க்கும் விஷயமாக இன்னும் பல இடங்களில் நடக்கிறது. இதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. வருபவர்களில் பெரும்பாலோர் படிக்கப்போவது தமிழைத்தான், அதனால் முதலில் தமிழ், அதற்குத்தான் பெரிய இடம். அதே விஷயத்தைச் சொல்லத் தமிழுக்கு வழக்கமாகக் கூடுதல் நீளம் வேண்டும். சொற்கள் நீளம் என்பதால் குறுகிய பத்தியில் இரண்டு ஓரமும் சமமாக நிரப்பினால் நடுநடுவே ஓட்டை விழும். இடது ஓரம் மட்டும் நேராக விடுங்கள். மேலே கொக்கி, கீழே சுழி என்று எழுத்துகள் இரு பக்கமும் நீள்வதால் வரிக்கு வரி இடைவெளி ஆங்கிலத்தை விட அதிகம் கொடுக்கணும். லேபிளுக்கு 24 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் மெல்லிய ஃபான்ட் வேண்டாம், ‘ணை’, ‘னூ’ போன்றவை அச்சில் அடைந்துபோகும்.

அச்சகத்தில் இன்னொரு கண்டம் காத்திருக்கும். நீங்கள் யூனிகோடில் சரியாக அடித்துக் கொடுப்பீர்கள். அங்கே அதைப் பழைய ஃபான்ட்டுக்கு மாற்றுவார்கள், அல்லது இந்திய மொழிக்கான அமைப்பை ஆன் செய்யாத மென்பொருளில் திறப்பார்கள். ‘கொ’ உடைந்து கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில், நடுவில் ஒரு புள்ளி வட்டம். இது கல்வெட்டு பற்றிய பேனலிலேயே நடந்தால் பார்ப்பவர் மனம் என்ன ஆகும்? ஆகவே ஃபைலை அனுப்பும்போது எழுத்தைக் கோடாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத அவுட்லைன் வடிவமாக, மாற்றி அனுப்புங்கள், அசல் அளவில் ஒரு பிரதி அச்சிட்டு அதே சுவரில் ஒட்டி, அதே வெளிச்சத்தில், கண்ணாடி போடும் வயதுள்ள ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பொருளுக்கு ஐம்பது, அறுபது சொல்லுக்கு மேல் எழுதினால் நின்று படிக்க மாட்டார்கள். ‘இது கி.பி. 11-ஆம் நூற்றாண்டு வெண்கலப் படிமம்’ என்பதை விட ‘பீடத்தில் இருக்கும் துளைகளைப் பாருங்கள்’ என்று ஆரம்பிக்கும் லேபிள் மேல்.

நிற்பது பற்றியும் சொல்லணும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலராக இருந்த பெஞ்சமின் கில்மன் 1916-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரிடம் காட்சிப் பொருட்களைப் பற்றி எளிய கேள்விகள் கொடுத்து, பதில் தேட அவர் எப்படியெல்லாம் குனிகிறார், வளைகிறார், எட்டிப் பார்க்கிறார் என்று போட்டோ எடுத்துப் போட்டார். மியூசியத்தில் வரும் களைப்புக்கு வருபவர் காரணமில்லை, கேஸின் உயரமும் லேபிளின் இடமும்தான் காரணம் என்று அந்தப் படங்களே காட்டிவிட்டன. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் முழங்கால் உயரத்தில் லேபிள் வைக்கும் கேஸ்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன. பெஞ்சு வேண்டும் என்று கேட்டால் ‘தூங்குவார்கள்’ என்று பதில் வரும். தூங்கட்டும், எழுந்து மறுபடி பார்ப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பல்கலைக்கழக கேலரி கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே நிரந்தரக் காட்சி குறைவு. செமஸ்டருக்கு ஒன்றோ இரண்டோ தற்காலிகக் காட்சிகள், சிறிய பட்ஜெட், கூட வேலை செய்ய மாணவர்கள். டிசைன் செய்பவரே சுவருக்குப் பெயின்ட் அடிப்பார், ஃப்ரேம் மாட்டுவார், லைட்டைத் திருப்புவார். கற்றுக்கொள்ள இதை விட நல்ல இடம் இல்லை. இங்கே சூட்சுமம் மறுபடி பயன்படுத்துவதில் இருக்கிறது. நம் கடைகளில் ப்ளைவுட் 8-க்கு 4 அடி ஷீட்டாக வருகிறது. தற்காலிகச் சுவர், பீடம், மேஜை எல்லாவற்றையும் அந்த அளவைப் பாதி, கால் என்று பிரித்து வரும்படி ஒரு தடவை வடிவமைத்துவிட்டால் பல காட்சிகளுக்கு அவையே வரும். வெளியிலிருந்து இரவலாக வரும் பொருள் என்றால், பெட்டியைத் திறந்த உடனே பொருள் எந்த நிலையில் வந்தது என்று நிலை அறிக்கை எழுதி, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைப்பது கட்டாயம். கொடுத்தவர் எத்தனை லக்ஸ், எவ்வளவு ஈரப்பதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதுவே உங்களுக்குச் சட்டம்.

எங்கே வேலை செய்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் தூசி கிளப்பும் வேலை எல்லாம், பிறகு பெயின்ட், கேஸ், கிராஃபிக்ஸ், கடைசியாகப் பொருள், அதற்குப் பிறகு லைட்டை நுணுக்கமாகச் சரிசெய்வது. பெயின்ட் அடித்த கேஸ் சில வாரம் திறந்து கிடந்து வாடை போகணும். ஆனால் திறப்பு விழாத் தேதி நகராது, தச்சு வேலை மட்டும் நகர்ந்துகொண்டே போகும். ஒரு நிறுவனத்தில், விழாவுக்கு முந்தின நாளும் கேஸில் பெயின்ட் வாடை அடித்தது. உள்ளே வைக்க வேண்டியது ஓலைச்சுவடி. வைத்தே ஆகணும் என்று மேலிருந்து அழுத்தம். கன்சர்வேட்டர் அம்மா முடியாது என்றார். நாங்களும் அவர் பக்கம் நின்றோம். கேஸைக் காலியாகவே விட்டு, ‘இதனுள் வரவிருக்கும் சுவடிக்கு இந்தக் காற்று இன்னும் ஏற்றதாக இல்லை, அதனால் அடுத்த மாதம் வைக்கிறோம்’ என்று ஒரு பலகை எழுதி வைத்தோம். அன்றைக்கு அந்தக் காலிக் கேஸின் முன்னால்தான் அதிகப் பேர் நின்று படித்தார்கள், கேள்வி கேட்டார்கள். சுவடி ஏன் கெடுகிறது என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

சரி, படிப்பு. 1958-இல் அமெரிக்க டிசைனர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி கொடுத்த அறிக்கையை ஒட்டி 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அதாவது என்.ஐ.டி.யில், எக்ஸிபிஷன் டிசைனுக்கென்றே படிப்பு உண்டு. 1965-இல் நியூயார்க்கில் திறந்த நேரு பற்றிய காட்சி ஈம்ஸ் தம்பதியும் என்.ஐ.டி.யும் சேர்ந்து செய்தது. இந்தியாவில் இந்தத் துறையின் வேர் அங்கே இருக்கிறது. பொருள், பாதுகாப்பு, சேகரிப்பு நிர்வாகம் பக்கம் ஆர்வம் என்றால் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் 1952-லிருந்து மியூசியாலஜி துறை இருக்கிறது. ஆனால் ஆர்க்கிடெக்சர் படித்த உங்களுக்கு இன்னொரு டிகிரி கட்டாயமில்லை. நல்ல டிசைன் ஆபீஸ் ஒன்றில் சேர்ந்து, ஒரு காட்சிக்கூடம் முதல் கூட்டத்திலிருந்து திறப்பு வரை நடப்பதைக் கூடவே இருந்து பார்த்தால் அதுவே பெரிய படிப்பு. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், லைட்டிங்குக்கு டயலக்ஸ் தெரிந்திருந்தால் போதும். இவற்றை விட, அட்டையில் அசல் அளவு மாதிரி செய்யும் கை பெரிது.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். பிரேசிலில் சாவோ பாலோ கலை அருங்காட்சியகத்தில், அதைக் கட்டிய ஆர்க்கிடெக்ட் லீனா போ பார்டி 1968-இல் ஓவியங்களைச் சுவரிலிருந்து எடுத்து, கான்கிரீட் கட்டையில் நட்ட கண்ணாடிப் பலகைகளில் மாட்டினார். லேபிள் பின்பக்கம். பெயரைப் படிப்பதற்கு முன்னால் படத்தைப் பாருங்கள் என்று அதற்கு அர்த்தம். 1996-இல் எடுத்துவிட்டார்கள், 2015-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்மானம் அது. அதையே சுவடிக்கோ துணிக்கோ செய்தால் பாழாகிவிடும். நமக்குப் பக்கத்திலேயே முட்டுக்காடு தட்சிணசித்ராவில் வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், 1996-லிருந்து. அங்கே திண்ணையில் உட்கார்ந்தாலே வீட்டின் அளவு உடம்புக்குத் தெரிகிறது, லேபிள் தேவையே இல்லை.

வேலை வாய்ப்பு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ‘எக்ஸிபிஷன் டிசைனர்’ என்ற பெயரில் நிரந்தர அரசுப் பணி கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். அரசு மியூசியங்களின் வேலை பெரும்பாலும் டெண்டர் வழியாக வெளி நிறுவனங்களுக்குப் போகிறது. தனியார் அறக்கட்டளைகள், அறிவியல் மையங்கள், பழைய கம்பெனிகள் தங்கள் வரலாற்றுக்காக அமைக்கும் சிறு மியூசியங்கள், பல்கலைக்கழகங்கள் என்று மற்ற வழிகளும் உண்டு. தனியாகச் செய்தால் பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும், கடைசிக் கட்டம் தாமதமாகும். குடும்பச் செலவுக்கு வேறு வழி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

டெண்டரில் ஒரு வரி இருக்கும்: ‘அல்லது அதற்கு இணையான’. நீங்கள் லேமினேட் கண்ணாடி, சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள விளக்கு, நியூட்ரல் சிலிகான் என்று எழுதியிருப்பீர்கள். குறைந்த விலை சொல்லி எடுத்தவர் அந்த வரியைக் காட்டி வேறு எதையோ கொண்டுவந்து இறக்குவார். ஆகவே பொருளின் பெயரை மட்டும் எழுதாமல், அது எந்தச் சோதனையில் தேற வேண்டும், எந்த அளவு காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். முதல் கேஸ் ஒன்றை முழுதாகச் செய்து காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே மற்றவை என்று ஒரு நிபந்தனை சேருங்கள். டிசைன் கட்டணத்தைத் தச்சு வேலையோடு கலக்காமல் தனி இனமாக வைக்கச் சொல்லுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் படிமம் எப்படி நிற்கப்போகிறது என்பதைப் பாதி அந்தக் காகிதம்தான் தீர்மானிக்கிறது.

இப்போதைக்கு என்ன செய்யலாம் என்றால், எழும்பூர் மியூசியத்துக்கு ஒரு வார நாள் காலையில் போங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. பள்ளிப் பேருந்து வரும் நேரமாகப் பார்த்து, ஒரு மூலையில் நின்று, பொருளைப் பார்க்காமல் வருபவர்களைப் பாருங்கள். எங்கே நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், யார் யாரைத் தூக்கிக் காட்டுகிறார்கள், எந்த லேபிளை விரலால் தொட்டுப் படிக்கிறார்கள் என்று தரைப்படம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் கல்லூரி வராந்தாவிலேயே, வீட்டில் இருக்கும் ஐந்து பொருட்களை வைத்து ஒரு சின்னக் காட்சி போடுங்கள், அட்டையும் இரண்டு டேபிள் லைட்டும் போதும். வந்து பார்த்தவர்கள் எங்கே நின்றார்கள் என்பதையும் அதே மாதிரி குறித்துவைத்து, அடுத்த வாரம் மாற்றி அமைத்து மறுபடி குறியுங்கள். அந்த இரண்டு தரைப்படங்களையும், என்ன மாற்றினீர்கள், ஏன் என்ற குறிப்பையும் போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் வையுங்கள். ஆள் எடுக்கும் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால், பளபளப்பான த்ரீ-டி படங்களுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் தேடுவேன்.